‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்றால் குரல் போய்விட்டதா?

தாத்தா பாட்டி குரலைக் கேசட்டிலும் கைப்பேசியிலும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரங்களில் தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அந்த வீடுகளில் அலமாரியின் மேல்தட்டைத் தேடினால், பழைய பிஸ்கட் டின்னுக்குள் நாலைந்து கேசட்டுகள் கிடைக்கும். ஒன்றில் மாரியம்மன் திருவிழா அன்று போட்ட நாடகம். ஒன்றில் பேரப்பிள்ளைக்குப் பாட்டி பாடிய தாலாட்டு. இன்னொன்றில் ஒரு பக்கம் சினிமாப் பாட்டு, மறுபக்கம் யாரோ விளையாட்டாகப் பதிவு செய்த தாத்தாவின் பேச்சு. கேசட்டுக் காலம் போன பிறகு அதே குரல்கள் கைப்பேசிக்கு வந்தன. பிறகு புலனத்துக்கு வந்தன.

இந்தப் பதிவுகளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் லயத்து வீடுகளும் போய்விட்டன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. 1942, 43-இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் தங்கள் கதையை எழுதி வைத்தது மிகக் குறைவு, வாயால்தான் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் இன்று இருப்போர் மிகச் சிலர். பிரட்டுக் களத்தில் எப்படிப் பேசினார்கள், கிராணியை என்னவென்று அழைத்தார்கள், ஒப்பாரியை எந்த ராகத்தில் இழுத்தார்கள் என்பதற்கு அந்தப் பிஸ்கட் டின்னைத் தவிர வேறு சாட்சி இல்லாத குடும்பங்கள் நிறைய.

வானொலியில் வேலை செய்வதால் இந்தப் பதிவுகளைப் பற்றி என்னிடம் பலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் மூன்று வாக்கியங்கள்தான். “ஃபைல் திறக்க மாட்டேங்குது.” “கெட்டுப் போச்சு போல.” “சரின்னு அழிச்சிட்டோம்.”

முதல் வாக்கியத்துக்குப் பெரும்பாலும் மருந்து உண்டு. இரண்டாவது, பல சமயம் அவசரத்தில் எடுத்த முடிவு. மூன்றாவதுக்குத்தான் மருந்து கிடைப்பது அரிது. ஒலிக்கோப்பை மாற்றும்போது வரும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை குரல் அழிந்துவிட்டது என்று சொல்வதில்லை. “இதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை” என்றுதான் சொல்கின்றன. இந்த வேறுபாடு தெரிந்தால், அழித்துவிடும் தவற்றைத் தவிர்க்கலாம்.

வாளி வேறு, பால் வேறு

பால் மரத்துக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். மரத்தில் மங்கு, கையில் வாளி, உள்ளே பால். வாளியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாலும் இருக்கலாம், மழைத் தண்ணீரும் இருக்கலாம்.

ஒலிக்கோப்பும் அப்படித்தான். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி3, எம்4ஏ, ஓஜிஜி, 3ஜிபி என்று வருவது வாளியின் மேல் ஒட்டிய சீட்டு. உள்ளே குரல் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். அந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். எம்4ஏ என்ற வாளிக்குள் பெரும்பாலும் ஏஏசி என்ற கோடெக் இருக்கும். பழைய பொத்தான் கைப்பேசிகளின் பதிவுகளில் ஏஎம்ஆர் இருக்கும். புலனத்தின் குரல் செய்திக்குள் இருப்பது ஓப்பஸ். இணையத்துக்கான பொதுத்தரமாக 2012-இல் வெளியிடப்பட்ட கோடெக் அது.

பலர் செய்வது என்ன? புலனத்தில் வந்த கோப்பின் பெயரில் ‘ஓப்பஸ்’ என்பதை அழித்துவிட்டு ‘எம்பி3’ என்று எழுதிவிடுகிறார்கள். சீட்டு மாறுகிறது, உள்ளே இருப்பது மாறுவதில்லை. சீட்டை நம்பும் மென்பொருள், எம்பி3 என்று நினைத்துத் திறந்து பார்த்துவிட்டுப் பிழை என்கிறது. பெயரைப் பழையபடி மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள எளிய வழி விஎல்சி. பாரிஸ் நகரின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த இலவசத் திறந்தமூல மென்பொருள் இது. கோப்பை அதில் ஓடவிட்டு, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதை அழுத்துங்கள். கோடெக்கின் பெயர், ஒரு சேனலா இரண்டு சேனலா, மாதிரி வீதம் எவ்வளவு என்று எல்லாம் தெரியும். ஆடாசிட்டியில் திறக்காத கோப்பு விஎல்சியில் பாடினால் நிம்மதியாக இருங்கள். குரல் பத்திரமாக இருக்கிறது.

ஆடாசிட்டி ஏன் கை விரிக்கிறது?

இளையோர் பலர் கேசட்டைக் கணினிக்கு மாற்றவும் வெட்டி ஒட்டவும் பயன்படுத்துவது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கி, 2000-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. நல்ல மென்பொருள்தான். ஆனால், விண்டோஸ் கணினியில் முதன்முதலாக எம்4ஏ அல்லது ஏஎம்ஆர் கோப்பை இழுத்துப் போட்டால், இந்த வகையைத் திறக்க முடியாது என்று செய்தி காட்டும்.

காரணம் தொழில்நுட்பத்தைவிடச் சட்டம் சார்ந்தது. பல கோடெக்குகளுக்குக் காப்புரிமை உண்டு. இலவச மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் சிக்கல் வரலாம். எம்பி3-க்கும் முன்பு இதே நிலைதான். அப்போது ஆடாசிட்டியில் எம்பி3 ஆகச் சேமிக்க ‘லேம்’ என்ற துணைநிரலைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். எம்பி3-க்கான உரிமத் திட்டத்தை அதை உருவாக்கிய ஜெர்மன் ஆய்வு நிறுவனம் 2017-இல் முடித்துக்கொண்டது. 2019-இல் வந்த 2.3.2 பதிப்பிலிருந்து லேம் உள்ளேயே வருகிறது. ஆகவே, லேமைத் தேடச் சொல்லும் பழைய காணொளிகளைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மற்ற கோடெக்குகளுக்கு இன்னும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை வேண்டும். பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய திட்டம் இது. உலகின் எண்ணற்ற காணொளித் தளங்களும் செயலிகளும் உள்ளுக்குள் பயன்படுத்துவது இதைத்தான். ஆடாசிட்டியின் உதவிப் பக்கம் காட்டும் இடத்திலிருந்து பதிவிறக்கிப் பொருத்துங்கள். பிறகு ‘எடிட்’, ‘பிரிஃபரன்சஸ்’, ‘லைப்ரரிஸ்’ என்று போய், அது கண்டுபிடிக்கப்பட்டதா என்று பாருங்கள். பொருத்திய பிறகும் காணவில்லை என்றால், பெரும்பாலும் 64 பிட் ஆடாசிட்டிக்கு 32 பிட் துணைநிரலைப் பொருத்தியிருப்பீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆடாசிட்டியை ஒருமுறை மூடித் திறக்கவும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் சிரமம் என்றால் குறுக்கு வழியும் உண்டு. விஎல்சியின் ‘மீடியா’ மெனுவில் ‘கன்வர்ட்’ என்பதைத் தேர்ந்து, ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஃப்ளாக்கை ஆடாசிட்டி எந்தத் துணையும் இல்லாமல் திறக்கும்.

பிழைச் செய்தியைப் படியுங்கள்

எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளை வரியில் பயன்படுத்துவோர், திரை முழுக்க ஆங்கில எழுத்து ஓடியதும் பயந்து மூடிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு மூன்று வரிகள் போதும். அடிக்கடி வரும் மூன்று செய்திகளைப் பார்ப்போம்.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’: அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்கிறது. கோப்பு உங்கள் கண்முன்னால் இருக்கும். ‘பாட்டி தாலாட்டு’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருப்பீர்கள். கட்டளை வரி அதை ‘பாட்டி’ என்றும் ‘தாலாட்டு’ என்றும் இரண்டு கோப்பாக நினைத்துக்கொள்கிறது. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், அல்லது இடைவெளியை எடுத்துவிடுங்கள். சில பழைய மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறி இதே பிழை வரும். மாற்றும் நேரத்துக்கு மட்டும் நகல் ஒன்றுக்கு எண்களில் பெயர் வையுங்கள்; முடிந்ததும் தமிழ்ப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

‘இன்வேலிட் டேட்டா ஃபவுண்ட்’: உள்ளே இருப்பது புரியவில்லை என்கிறது. முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. சிடி தரத்தில் உள்ள வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. அரைமணி நேர எம்பி3 என்று சொல்லி வந்தது 40 கேபி மட்டும் இருந்தால், பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. இணைப்பு சரியில்லாத இடங்களில் இது சகஜம். அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள். அதுவரை அவரை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

‘மூவ் ஏட்டம் நாட் ஃபவுண்ட்’: கொஞ்சம் கவலைப்பட வேண்டியது இதுதான். எம்4ஏ, 3ஜிபி போன்ற கோப்புகளில், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம் உண்டு. பல கைப்பேசிகள் அதைப் பதிவு முடிந்த பிறகே, கடைசியாக எழுதுகின்றன. பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோனால் பொருளடக்கம் எழுதப்படாமலே போய்விடும். பக்கங்கள் எல்லாம் இருக்கும், பக்க எண் மட்டும் இருக்காது.

இதற்கும் வழி உண்டு. ‘அன்ட்ரங்க்’ என்ற திறந்தமூலக் கருவி, அதே கைப்பேசியில் அதே அமைப்பில் பதிவு செய்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கேட்கும். அதைப் பார்த்து, உடைந்த கோப்புக்குப் பொருளடக்கத்தைக் கட்டிக் கொடுக்கப் பார்க்கும். எல்லாச் சமயமும் வெற்றி கிடைக்காது. ஆனால் முயற்சி செய்ய இரண்டு பொருள் வேண்டும்: உடைந்த கோப்பும் அதே கைப்பேசியின் நல்ல பதிவு ஒன்றும். கெட்டுப்போச்சு என்று அதை அழித்தவருக்கும், கைப்பேசியைத் துடைத்து விற்றவருக்கும் இந்த வாய்ப்பு இல்லை.

குரல் வருகிறது, ஆனால் ஆள் மாறிவிட்டார்

சில நேரம் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பும் திறக்கும். ஆனால் எழுபது வயது தாத்தா பள்ளிப் பிள்ளை மாதிரி கீச்சென்று பேசுவார்.

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்தியபோது, நாடா ஒரு விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. கோயில் திடலில் பேட்டரி போட்ட ரெக்கார்டரில் பதிவு செய்தபோது, பேட்டரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் வேகமாகவும் உயர்ந்தும் கேட்கிறது. ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்ற விளைவைக் கொண்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். அளவு தெரியவில்லையா? பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டால், அதன் அசல் பாட்டோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெரியவரோடு வாழ்ந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். “இதுதான் அவர் குரல்” என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாவது அதிசயம், ஸ்டீரியோவை மோனோவாக மாற்றியதும் பேச்சு மெலிந்துபோவது, அல்லது மறைந்தே போவது. எங்கோ ஒரு ஒயர் தலைகீழாக இணைக்கப்பட்டதால், இடது சேனலில் அலை மேலே போகும்போது வலதில் கீழே போயிருக்கும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒன்றுக்கு ‘இன்வெர்ட்’ கொடுத்துவிட்டுச் சேருங்கள். குரல் திரும்பி வரும்.

மூன்றாவது, கோப்பு திறந்ததும் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் கேட்பது. ஆடாசிட்டியில் திறக்காத கோப்பை ‘ரா டேட்டா’ வழியாக உள்ளே கொண்டுவந்தால் இப்படி ஆகும். அந்த வழி, எந்தச் சுருக்கமும் இல்லாத கோப்புகளுக்கானது. எம்4ஏ, ஓப்பஸ் கோப்புகளுக்கு அது உதவாது. இரைச்சலைக் கேட்டுக் கோப்பு பாழ் என்று முடிவு செய்ய வேண்டாம். சரியான கதவு வழியாக மறுபடி கொண்டு வாருங்கள்.

‘வேலையை அனுப்பிட்டேன், உள்ளே ஒன்றுமில்லையாம்’

இந்தக் குழப்பம் இளையோரிடமே அதிகம். ஆடாசிட்டியில் ‘சேவ்’ என்று அழுத்தினால் கிடைப்பது திட்டக் கோப்பு. மற்ற ஒலிச் செயலிகளுக்கு அது புரியாது. ஒலிக்கோப்பு வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும்.

2021-இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். திட்டக் கோப்பு சில கேபி மட்டும்தான். உண்மையான ஒலி, ‘டேட்டா’ என்று முடியும் பக்கத்துக் கோப்புறையில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கும். திட்டக் கோப்பை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் பழைய கணினியைத் தூக்கிப் போட்டவர்கள், குரலை அங்கேயே விட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால், விற்பதற்கு முன் அந்தக் கோப்புறை இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஷீட் மறுபடி பாலாகாது

திரும்பவும் தோட்டத்துக்கே வருவோம். பாலில் அமிலம் ஊற்றி உறையவைத்து, அழுத்தி ஷீட்டாக்கிய பிறகு, அதை எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் பாலாகாது. எம்பி3, ஏஏசி, ஓப்பஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. காதுக்கு அவ்வளவாகத் தெரியாத பகுதிகளைக் கழித்துவிட்டுத்தான் கோப்பைச் சிறிதாக்குகின்றன. கழித்தது திரும்பாது. 32 கிலோபிட் கோப்பை 320 கிலோபிட் ஆக்கினால் அளவு பத்து மடங்காகும். குரல் ஒரு துளியும் தெளிவாகாது. மாற்றியதையே மறுபடி மறுபடி மாற்றினால், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழியும்.

எனவே, கேசட்டிலிருந்து எடுக்கும்போது முதல் பிரதியை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவத்தில் வையுங்கள். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அந்த அளவில் 90 நிமிட கேசட் ஒன்று ஸ்டீரியோவில் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி பிடிக்கும். ஃப்ளாக் ஆக்கினால் ஒலி குறையாமல் அளவு கணிசமாகக் குறையும். இது குடும்பத்தின் மூலப்பிரதி. இதில் இரைச்சலை நீக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். உறவினர்களுக்கு அனுப்ப இதிலிருந்து தனியாக எம்பி3 எடுங்கள். சுத்தம் செய்வதையும் அந்த நகலில் செய்யுங்கள்.

கைப்பேசிப் பதிவு என்றால், அது எந்த வடிவத்தில் பிறந்ததோ அதுவே மூலப்பிரதி. எம்4ஏ-வாகப் பிறந்ததை எம்பி3 ஆக்கிவிட்டு எம்4ஏ-வை அழிக்காதீர்கள். புலனத்தில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்பினால், கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு கைப்பேசியில் குரல் செய்தியாகப் பதிவு செய்து அனுப்புவதை மட்டும் செய்யவே வேண்டாம்.

காலம் எவ்வளவு இருக்கிறது?

காந்த ஒலிநாடாக்களைப் பற்றி யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டம், மேலே சொன்ன பன்னாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து 2019-இல் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. 2025 வாக்கில் பல இடங்களில் நாடாக்களை மாற்றும் பணியே நின்றுவிடக்கூடும் என்று அது சொன்னது. நாடா கெடுவது ஒரு காரணம். ஓட்டிக் காட்டும் கருவியும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்காமல் போவது பெரிய காரணம். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நாடாவில் பூஞ்சை வேறு பிடிக்கும். வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓடவிடாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி. ‘ஆடியோ 001’ என்ற பெயரை வைத்துக்கொண்டு முப்பது வருடம் கழித்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. யார் பேசுகிறார், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு, பதிவு செய்தவர் யார் என்ற நான்கையும் கோப்பின் பெயரிலோ பக்கத்தில் ஒரு குறிப்பிலோ எழுதுங்கள். தோட்டத்தின் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வெள்ளம் வரும் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

குடும்பத்தோடு நின்றுவிட வேண்டிய பேச்சும் உண்டு, சமூகத்துக்குப் போக வேண்டிய பேச்சும் உண்டு. இலங்கைத் தமிழருக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் எண்ணிம ஆவணப் பணியைச் செய்துவருகிறது. 2001-இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளையும் ஒலிப்பதிவுகளை இணையத்தில் சேர்த்துவருகிறது. நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென்றே தனிப் பணி உண்டு. கொடுக்கும் முன், பதிவில் பேசியவரின் பிள்ளைகளிடம் அனுமதி கேளுங்கள். வாய்ப்பேச்சில் வந்த சண்டையும் கடனும் ஊர் முழுக்கக் கேட்க வேண்டியதில்லை.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். பிஸ்கட் டின்னை இறக்கி, கேசட்டின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போடுங்கள். “திறக்கவில்லை” என்று யாரும் ஒதுக்கி வைத்த கோப்பு இருக்கிறதா, முன்பு அனுப்பிய குரல் செய்தி யாருடைய பழைய கைப்பேசியிலாவது இன்னும் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். கிடைத்தால் முதலில் நகல் எடுங்கள். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.